உடையவரின் ஆள்

அப்பாவுக்கு இந்தத் தாளில் ஆறு வயது. ஆரோன், ஆண், ஆறு, எழுதப் படிக்கத் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் ஜனத்தொகை கணக்கெடுக்க வந்தவன் ஆங்கிலத்தில் சாய்வாக எழுதியிருக்கிறான், மை பழுப்பேறி துருப்பிடித்த ஆணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. மதம் என்ற கட்டத்தில் யூதர். அதற்கடுத்த கட்டம் ஜாதி அல்லது இனம். அதில் முதல் வரிக்கு மட்டும் முழுதாக எழுதிவிட்டு, கீழே பாட்டிக்கு, அப்பாவுக்கு, நான் பார்த்தே இராத ஒரு இரண்டு வயது அத்தைக்கு, மேற்படி மேற்படி மேற்படி என்று சின்னச் சின்னக் கோடாகப் போட்டு இறங்கியிருக்கிறான். முதல் வரி தாத்தா. மெனாகெம், நாற்பத்தொரு வயது, விடுவிக்கப்பட்ட அடிமை வழி. நான் மூன்று தரம் படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவது தரம். பிறகு மேற்படிகளை விரலால் தொட்டு எண்ணினேன், அப்பாவுக்கு நேரே இருப்பது மேற்படிதானா, இல்லை வெறும் மைக்கறையா என்று. மேற்படிதான். கோடு சுத்தமாக இருந்தது. பக்கத்து மேஜையில் யாரோ தும்மினார்கள். இந்த அறையில் எல்லோரும் தும்முகிறார்கள், நூறு வருஷத்துத் தூசி. எனக்கு மட்டும் இன்றைக்குத் தும்மல்கூட வரவில்லை. மணி பதினொன்று இருபது. காலையில் வரும்போது முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு கவலை இருந்ததா? இருந்தது, தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடுமே என்று. அவ்வளவுதான் இருந்தது.

அண்ணன் கேட்டது வெறும் வரிச்சீட்டு. அவன் இருக்கும் ஊரில், இஸ்ரேலில், அஷ்தோதில், கொச்சியிலிருந்து போன யூதக் குடும்பங்களுக்கென்று ஒரு நினைவில்லம் கட்டி முடித்துவிட்டார்களாம். சுவரில் குடும்பத்துக்கு ஒரு பலகை, பெயர், எந்தத் தெரு, எத்தனை தலைமுறை, கூடவே கண்ணாடிக்குள் ஒரு பழைய காகிதம். மற்ற குடும்பங்கள் செப்பேட்டு நகல், கல்யாணப் பத்திரம் என்று கொடுத்துவிட்டார்களாம், எங்களிடம் ஒன்றுமில்லை. "அப்பா சொல்வாரே சிப்பி, யூதத் தெருவில நமக்கு வீடு இருந்துது, நீலக் கதவுன்னு. பிரிட்டிஷ்காரன் ஊர், கண்டிப்பா வீட்டு வரி போட்டிருப்பான். அந்தப் பேப்பரெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துலதான் இருக்குமாம், விசாரிச்சுட்டேன். நீ ரிட்டையர்டு ஆகி சும்மாதானே இருக்கே" என்றான் போனில். சும்மாதானே. முப்பத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டியதை இறக்காமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சும்மாதானே. ஆனாலும் வந்தேன். அண்ணன் கேட்டால் நான் செய்வேன், எப்போதும் செய்திருக்கிறேன், அப்பாவுக்கு மலச்சட்டி வைத்தது, அம்மா கல்லறைக்கு வருஷா வருஷம் போய்ப் புல் பிடுங்கியது, எல்லாம் செய்திருக்கிறேன். நாலு நாளாக வந்து, இன்று காலை வரிப்பேரேட்டில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது எவ்வளவு சந்தோஷம். நாற்பத்தொன்றாம் எண், ஓட்டுக் கட்டிடம், குடியிருப்பவர் மெனாகெம். மெனாகெம்! தாத்தாவின் பெயரை எழுத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். அப்புறம்தான் பக்கத்துக் கட்டத்துக்குக் கண் போனது. உடையவர், எஸ்றா, வியாபாரி. வரி செலுத்துபவர், எஸ்றா. குடியிருப்பவர் உடையவருக்கு என்ன உறவு என்ற இடத்தில், உடையவரின் ஆள். ஆள் என்றால் என்ன? வாடகைக்காரன் இல்லை. பங்காளி இல்லை. ஆள். நான் அப்போதும் சமாதானம் சொல்லிக்கொண்டேன், கணக்குப்பிள்ளையாக இருந்திருப்பார், நம்பிக்கையான ஆள் என்று சொல்வதில்லையா என்று. ஓரத்தில் பென்சிலால் ஒரு மனுவின் எண் குறித்திருந்தது. காகிதம் எடுத்துத் தரும் தமயந்திதான் பார்த்தாள். "இதுக்கு ஒரு ஃபைல் இருக்கும் போலயே மேடம், எடுத்துத் தரவா?" என்றாள். நல்ல பெண். முகத்தில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போய், அரைமணி நேரத்தில் சிவப்பு நாடா கட்டிய இந்தக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றிருக்கலாம். வேண்டாம் என்று நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன்.

மெசுக்ராரிம். எங்கள் ஆட்கள் வாயில் அந்தச் சொல் அப்படித்தான் வரும், விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஏதோ சிறையிலிருந்து வெளியே வந்து சூரியனைப் பார்த்தவர்கள் மாதிரி. ஆனால் வீட்டில் அதை யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். அப்பா சொல்லும்போது குரல் தாழும், சாப்பாட்டு மேஜையில் கக்கூஸ் என்று சொல்ல நேர்ந்தவர் மாதிரி. வெள்ளை யூதர், கறுப்பு யூதர், அப்புறம் அவர்கள். வெள்ளை யூதர் வீட்டுக்கு அடிமையாக இருந்து, அவர்களுடைய மதத்துக்குள் கொண்டுவரப்பட்டு, பிறகு காகிதம் எழுதிக் கொடுத்து விடப்பட்டவர்களின் பிள்ளைகள். ஜெபாலயத்தில் அவர்களுக்குப் பெஞ்சு கிடையாது, நடைப்பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும், வேதத்தை வாசிக்க எழுந்து போக முடியாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அப்பா சொல்லித் தெரியும். மெட்ராஸில் பவர்ஹவுஸ் குவார்ட்டர்ஸில், எங்களைத் தவிர ஒரு யூதர்கூட இல்லாத லைனில், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் தெலுங்கு நாயுடுகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அப்பா எங்களுக்கு இந்தப் படிக்கட்டைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். யார் மேல்படி, யார் கீழ்படி. நாங்கள் மேல்படி, வெள்ளை யூதர். "ஸ்பெயின்ல இருந்து வந்தவங்க நாம. நாமளா வந்தோம், யாரும் கொண்டுவரல்ல." யாரும் கொண்டுவரவில்லை. அந்த வாக்கியத்தை ஏன் அத்தனை தரம் சொல்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? பக்கத்து வீட்டு நாயுடு தான் ஸ்பெயினிலிருந்து வரவில்லை என்று எப்போதாவது சொன்னாரா? குடை வேறு. அப்பாவின் குடை. சாயங்காலம் ஐந்து மணி வெயிலுக்குக்கூட எங்களைக் குடையில்லாமல் அனுப்பமாட்டார். "கறுத்துடுவே." எனக்கு எட்டு வயதிருக்கும், குடையை ஸ்கூலில் மறந்து வந்ததற்கு, கையை நீட்டச் சொல்லி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அடித்திருக்கலாம். இப்போது அதே கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அறுபத்திரண்டு வயதுக் கை, நரம்பு புடைத்து, மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. தாள் என் கையைவிடக் கொஞ்சம் வெளுப்பு. சிரிப்பு வந்தது, இங்கே சிரிக்கக் கூடாது.

மனுவை இன்னும் படிக்கவில்லை. கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மனு முன்னால் இருக்கிறது, மனுவுக்குச் சான்றாகத்தான் இந்தக் கணக்கெடுப்புத் தாளின் நகலை வைத்திருக்கிறார்கள். என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். என் பெயரை வெள்ளை யூதர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் துரையே என்று காலில் விழுந்திருப்பார். அப்பாவைப் பெற்றவர் வேறென்ன கேட்பார். ஒரு விதத்தில் அதைப் படித்துவிட்டால் நிம்மதி என்றுகூடத் தோன்றியது, பரம்பரைப் புத்தி, யாரைக் குறைசொல்ல, மூட்டைகட்டிவிட்டுத் தயிர்சாதம் சாப்பிடப் போகலாம். யாரோ மனு எழுதுகிறவர் எழுதிய ஆங்கிலம், வளைத்து வளைத்து, கனம் பொருந்திய, தாழ்மையுள்ள, என்றும் கீழ்ப்படிதலுள்ள. அதற்குப் பிறகு திடீரென்று ஒரு மனிதன் பேசுகிறான். என் பாட்டி அடிமையாக இருந்தாள் என்பது உண்மை. எஸ்றா முதலாளியின் பாட்டனார் அவளைக் காகிதம் எழுதி விடுவித்தார் என்பதும் உண்மை. அதை மறைக்க நான் வரவில்லை. அவள் விடுதலையாகி அறுபது வருஷம் ஆயிற்று. இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு அவள் விடுதலையை எழுதுவீர்கள்? எங்கள் தெருவில் இருக்கும் எல்லோரும் ஒரே தெய்வத்தை ஒரே பாஷையில் தொழுகிறோம், ஒரே நாளில் வேலையை நிறுத்துகிறோம். தயவுசெய்து எனக்கு மட்டும் அல்ல, தெரு முழுவதற்கும், மூன்று விதமாக எழுதாமல், யூதர் என்று மட்டும் எழுத உத்தரவாக வேண்டும். கீழே கையெழுத்து. ஆங்கிலத்தில் இல்லை, மலையாளத்தில் இல்லை. எபிரேய எழுத்தில், தடித்த நேரான எழுத்து, நடுக்கமே இல்லாமல். வேதத்தை வாசிக்க எழுந்து போகக் கூடாதவர். எங்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டார்? தரையில் உட்கார்ந்தபடி, முன்னால் இருப்பவர்களின் முதுகுக்கு நடுவே பார்த்துப் பார்த்தா? மனுவின் பின்பக்கத்தில் வேறொரு மையில் ஒரு வரி. நடவடிக்கை தேவையில்லை, கோப்பில் வைக்கவும். வைத்தார்கள். தொண்ணூற்றிரண்டு வருஷம் வைத்திருந்தார்கள்.

எனக்கு மட்டும் அல்ல, தெரு முழுவதற்கும். இதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. மனுவை மூடுகிறேன், திறக்கிறேன், கண் அங்கேயே போய் நிற்கிறது. தாத்தா காலில் விழுந்திருந்தால் அப்பாவை மன்னித்திருப்பேன். விழவில்லையே. நின்றிருக்கிறாரே. அவர் மகன்தானே மெட்ராஸுக்கு ரயிலேறி, யாருக்கும் எதுவும் தெரியாத ஊரில் இறங்கி, தான் மட்டும் படியேறிக்கொண்டார். தனியாக. ஒரு தெருவே ஏற வேண்டும் என்று கேட்டவரின் மகன் தான் மட்டும் ஏறி, ஏறினதோடு நிற்காமல், கீழே இருப்பவன் கையை மிதித்தார். எழுபத்திநாலு. மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை. பின்ஹாஸ் வந்தான். வந்தார் என்று சொல்ல வேண்டுமோ, எனக்கு அவன் எப்போதும் வந்தான்தான். எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு டைப்ரைட்டர் பழுது பார்க்க வருகிறவன், பிராட்வேயில் ஒரு கம்பெனியில் மெக்கானிக், கொச்சிப் பக்கத்து யூதன் என்று தெரிந்து நாங்கள் இரண்டு பேரும் ஆச்சரியப்பட்டது, மெட்ராஸில் இன்னொரு ஆளா என்று. இரண்டு வருஷம். சினிமா இல்லை, கடற்கரை இல்லை, கேன்டீனில் டீ, அவன் விரல் நுனியில் எப்போதும் ரிப்பன் மை. வீட்டுக்கு வந்து கேட்கிறேன் என்று அவன்தான் சொன்னான். வெள்ளைச் சட்டை போட்டு, நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வந்தான். அப்பா உட்காரச் சொன்னார், யூதப் பையன் என்றதும் முகம்கூட மலர்ந்தது. "எந்தக் குடும்பம்?" என்றார். பின்ஹாஸ் குரலைத் தாழ்த்தவில்லை. "மெசுக்ராரிம் குடும்பம் சார். என் பாட்டன் காலம் வரைக்கும் தரையிலதான் உட்கார்ந்திருந்தோம். அப்பன் காலத்துல சண்டை போட்டுப் பெஞ்சுல உட்கார்ந்தாங்க" என்றான், ஏதோ வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள் என்பது போல. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கு இன்றுவரைக்கும் எனக்கு மறக்கவில்லை. அருவருப்பு என்று நினைத்தேன். முப்பத்தொன்பது வருஷமாக அருவருப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பயம் அது. கடன்காரனைக் கண்டால்கூட அப்படி வெளிறாது முகம். பின்ஹாஸ் அடுத்து கேட்டான், மரியாதையாகத்தான் கேட்டான், "சாருக்கு எந்தத் தெரு? உங்க அப்பா பேரு?" அப்பா சொன்னார், சொல்லாமலிருக்க முடியாதே, மெனாகெம் என்றார். பின்ஹாஸ் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான் பெண் கேட்டது. கேட் வரைக்கும் நான் போனேன், அழுதுகொண்டே போனேன், ஏதாவது சொல், உள்ளே போய்க் கத்து, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே போனேன். அவன் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். "உங்க அப்பாவை ஒண்ணும் சொல்லாதே, சிப்போரா. அவரைக் கேள்வி கேக்காதே."

கோழை என்று நினைத்தேன். எத்தனை வருஷம் அவனைக் கோழை என்று திட்டியிருக்கிறேன், பஸ்ஸில், சமையலறையில், எக்ஸ்சேஞ்சில் இரண்டு ஊர்களுக்கு நடுவே யாருக்கோ லைன் கிடைக்கக் காத்திருக்கும்போது. மெனாகெம் என்ற பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருக்குமா, தெருவுக்கே சேர்த்து மனுக்கொடுத்தவர் பெயர், பெஞ்சுக்குச் சண்டை போட்ட குடும்பத்தில் தெரியாமல் இருக்குமா. பெருமையாகச் சொல்லி வளர்த்திருப்பார்கள். அந்த மெனாகெமின் மகன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான், அவன் மகள் வெளியே அழுகிறாள், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நீயும் நானும் ஒன்றுதான் சார் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒரு கிழவனின் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நல்லவன். எனக்கு இந்த நல்லவன் என்பது இப்போது எரிகிறது, கோழை என்றபோது இவ்வளவு எரியவில்லை. யாரைக் கேட்டு அவரைக் காப்பாற்றினாய்? என் வாழ்க்கையை எடுத்துத்தானே அவருக்கு வேலி கட்டினாய்? உனக்கு என்ன, அடுத்த வருஷம் கப்பலோ விமானமோ ஏறி நீயும் அந்த ஊருக்குப் போய்விட்டாய், கல்யாணம், மூன்று பிள்ளைகள், அண்ணன்தான் எழுதியிருந்தான், பத்து வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டாய் என்றும் அண்ணன்தான் எழுதியிருந்தான், சும்மா ஒரு செய்தியாக, மழை இல்லை என்று எழுதுகிற மாதிரி. நான் ஏழு வருஷம் அப்பாவுக்குப் பணிவிடை செய்தேன். கடைசி இரண்டு வருஷம் அவர் எழுந்திருக்கவில்லை. உடம்பைத் துடைத்து விடும்போது தோளும் முதுகும் வெயிலே படாமல் வெளுத்துக் கிடக்கும், அதைப் பார்த்துத் திருப்திப்படுவார் மாதிரி இருக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சிப்பி என்று கூப்பிட்டு என்னவோ சொல்ல வாயெடுத்தார். "என்னப்பா?" என்றேன். "ஜன்னலைச் சாத்து" என்றார். சாத்தினேன்.

ஒரு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். அறைக்குள் பேசக் கூடாது, நடைக்கு வந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. "கிடைச்சுதா?" என்றான். கிடைத்தது என்றேன். "நீலக் கதவு வீடா? நம்ம பேர்ல இருக்கா?" இல்லை, எஸ்றா என்று ஒரு வியாபாரி பேரில் இருக்கிறது, தாத்தா அங்கே குடியிருந்திருக்கிறார் என்றேன். "பரவால்ல, குடியிருப்பவர் மெனாகெம்னு இருக்குல்ல, அந்த வரி மட்டும் தெரியற மாதிரி காப்பி எடு, போதும்" என்றான். நான் சொன்னேன், அண்ணா, கணக்கெடுப்புத் தாளும் இருக்கிறது, அதில் நம்மை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் தெரியுமா என்று. எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அவன் நிறுத்தினான். நான் நினைத்தேன், பாவம், அவனுக்கும் இடிதான் என்று. எனக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது, எழுபது வயது, சர்க்கரை, இதை எப்படித் தாங்குவான் என்று. அப்புறம் அவன் சொன்னான். "வரிப் பேப்பர் மட்டும் போதும்னுதானே சொன்னேன், சென்சஸ் பக்கம் நீ எதுக்குப் போனே?" கோபமாகச் சொன்னான். அந்தக் கோபத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தெரியாதவனுக்குக் கோபம் வராது, தெரியாதவன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பான். "உனக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியும்." "எப்போலேர்ந்து?" "விடு சிப்பி, அதெல்லாம் இப்ப எதுக்கு." "எப்போலேர்ந்துன்னு கேட்டேன்." "அப்பா சொன்னார். நான் இங்க கிளம்பறப்ப. ஹார்பர்ல, கப்பலுக்கு நிக்கறப்ப. அங்க நம்ம ஊர்க்காரங்க நிறையப் பேர் இருப்பாங்க, நாம யார் வழின்னு சொல்லிட்டு, யாராவது கேட்டா எந்தக் குடும்பம்னு வாயத் திறக்காதேன்னார். வேற ஒண்ணுமில்ல." கப்பலுக்கு நிக்கறப்ப. எழுபத்திரண்டு. என் விரல்கள் தாமாகவே எண்ணின, இரண்டு, மூன்று, நாலு. எழுபத்திநாலு ஏப்ரலில் எனக்கு அவன் கடிதம் எழுதினான், நீலக் கடிதம், விமானத் தபால். அப்பா மனசு நோகிற மாதிரி எதுவும் செய்யாதே, அவர்களுடைய ரத்தம் வேறு, நம்முடைய ரத்தம் வேறு, இங்கே எனக்குப் பெண் பார்க்கும் நேரம், இதுபோல் ஒன்று நம் வீட்டில் நடந்தால் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மனப்பாடமாக இருக்கிறது எனக்கு. நான் அதைப் படித்துவிட்டு அழுதது அண்ணனின் நிலைமையை நினைத்து. தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறான். ரத்தம் வேறு என்று எழுதும்போது அவன் கையில் ஓடினது எந்த ரத்தம்?

"அந்த லெட்டரை நீ தெரிஞ்சேதான் எழுதினியா?" என்றேன். "எந்த லெட்டர்?" என்றான். நிஜமாகவே மறந்துவிட்டான். நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன், எழுதினவன் மறந்துவிட்டான். "பின்ஹாஸ் விஷயமா எழுதினது." "அட, அதுவா. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே. நீயும்தான் அப்புறம் கல்யாணமே வேண்டாம்னுட்டே." நான் எப்போது வேண்டாம் என்றேன். யாரிடம் சொன்னேன். இந்த வீட்டில் என்னை எவன் வேண்டுமா என்று கேட்டான், நான் வேண்டாம் என்பதற்கு? இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. "வெச்சுடறேன், சாப்பிடணும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நிஜமாகவே போய்ச் சாப்பிட்டேன். வேப்பமரத்தடி சிமெண்டு மேடையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன், புளிக்கவில்லை, மாவடு நன்றாக ஊறியிருந்தது, பசி வேறு, கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டேன். அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. இப்படி ஒரு நாளில் நாக்குக்கு ருசி தெரிகிறதே என்று. உடம்பு ஒரு வெட்கம்கெட்ட பிராணி. அதற்கு எந்த வரியில் எழுதினால் என்ன. தாத்தாவுக்குப் பாட்டி இருந்தாளே, எஸ்றா வீட்டு அடுக்களையில் நின்று வேலை செய்தவள், அவள் பெயர்கூட மனுவில் இல்லை, காகிதம் கிடைத்த அன்றைக்கு அவளும் எங்கேயாவது உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டிருப்பாளா? இல்லை, அன்றைக்கும் அவர்களுக்குத்தான் சமைத்தாளா? போக வேறு வீடு இருந்திருக்காது. மகள், பேரன், எல்லோரும் அதே வாசலில் உடையவரின் ஆட்களாகத்தானே இருந்திருக்கிறார்கள். காகிதத்தைக் கொடுத்துவிட்டு ஆளை வைத்துக்கொண்டார்கள். அப்பா என்னை என்ன செய்தார்? காகிதம்கூடத் தரவில்லை.

மறுபடி உள்ளே வந்து மனுவைப் பென்சிலில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். பேனா கொண்டுவரக் கூடாது. நகல் எடுத்துத் தருவார்கள், ஆனாலும் கையால் எழுத வேண்டும் என்றிருந்தது. தமிழில்தான் எழுதினேன், எனக்கு வருவது அதுதான். வீட்டில் மலையாளம், தெருவில் தமிழ், எனக்கும் அண்ணனுக்கும் நடுவே தமிழ், ஜெபத்துக்கு மட்டும் அர்த்தம் தெரியாத எபிரேயம். அந்தக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்றும் ஒரு கட்டம் இருக்கிறது, இன்றைக்கு என்னைக் கேட்டால் என்ன சொல்வேன். இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு அவள் விடுதலையை எழுதுவீர்கள் என்ற இடத்தில் பென்சில் ஒடிந்தது. தமயந்தி தன் மேஜையிலிருந்து ஒரு பென்சில் கொடுத்தாள். "ஏதாவது முக்கியமா கிடைச்சுதா மேடம்? முகமே ஒரு மாதிரி இருக்கு." "எங்க தாத்தா" என்றேன். "அட, சூப்பர் மேடம்!" என்றாள். அவளுக்கு உண்மையான சந்தோஷம். "நாலு நாளா தேடுனீங்க, கிடைச்சுட்டாரு பாருங்க. மூணரைக்குள்ள காப்பி அப்ளிகேஷன் குடுத்துடுங்க, அப்புறம் செக்‌ஷன்ல வாங்க மாட்டாங்க." விண்ணப்பத்தில் எந்தப் பக்கங்கள் என்று கேட்டிருந்தது. வரிப்பேரேட்டுப் பக்கம் என்று எழுதினேன். நிறுத்தினேன். இதோடு நிறுத்தினால் போதும், அண்ணன் சுவரில் ஒரு பலகை, குடியிருப்பவர் மெனாகெம், உடையவரின் ஆள் என்ற கட்டத்தை மறைத்து ஒரு சட்டம், பேரன் பேத்திகள் நின்று படமெடுத்துக்கொள்வார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. அண்ணன் பேத்தி ஒருத்தி இருக்கிறாள், நோவா, போட்டோவில் பார்த்தால் அச்சு அசல் அப்பாவின் நெற்றி. அவளுக்கு நாளைக்கே எவனையாவது பிடிக்கும். எவன் வீட்டிலாவது போய் இவள் தாத்தா, அதாவது என் அண்ணன், உங்கள் ரத்தம் வேறு என்பான். சொல்லமாட்டான் என்று என்ன நிச்சயம், ஒரு தரம் சொன்னவன்தானே. கணக்கெடுப்புத் தாள் என்று எழுதினேன். மனு, முன்பக்கமும் பின்பக்கமும் என்று எழுதினேன். விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேத்தி என்று எழுதினேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை நான் என்னைப் பற்றி எழுதினதே இல்லை.

நாலரைக்கு மணியடித்து எல்லோரையும் எழுப்பினார்கள். படியிறங்கும்போது அண்ணன் மறுபடி கூப்பிட்டான். குரல் இப்போது மெதுவாக இருந்தது, யோசித்து வைத்துக்கொண்டு பேசுகிற குரல். "சிப்பி, கோச்சுக்காதே. காப்பி வர பத்து நாளாகும் இல்லியா. இங்க பலகைக்கு எழுத்து இன்னிக்கே குடுக்கணும். ரெண்டு வரி நீயே சொல்லு, நான் எழுதிக்கறேன். நீ சொல்றபடியே போட்டுடலாம்." நீ சொல்றபடியே. சரி என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுப்படியில் நின்றேன், மேலேயிருந்து இறங்குகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், டிரங்க் காலுக்கு எண் சொல்வது போல. மெனாகெம். கமா. அடிமையாயிருந்து விடுவிக்கப்பட்ட ஒருத்தியின் பேரன். அடுத்த வரி. தன் தெருவில் எல்லோரையும் யூதர் என்று மட்டும் எழுதும்படி மனுக்கொடுத்தவர். "எழுதினியாண்ணா?" "ம், எழுதிட்டேன்." முப்பத்தெட்டு வருஷம் நான் மனிதர்களை முகம் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள். எழுதுகிறவன் மூச்சு ஒரு மாதிரி இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை கொஞ்சம் பின்தங்கி, முணுமுணுத்துக்கொண்டே வரும். இவன் மூச்சு அப்படி வரவில்லை. இவன் சும்மா உட்கார்ந்திருந்தான். "படி" என்றேன். "என்ன?" "எழுதினதைப் படிச்சுக் காட்டு." வெளியே ஒரு ரயில் போயிற்று. "சிப்பி, இங்க எல்லாருக்கும் நம்மளத் தெரியும். நான் கமிட்டில இருக்கேன். அந்த வார்த்தையை என்னால..." என்று ஆரம்பித்தான், குரல் உடைந்துவிட்டது. அழுதான். கிழவன் அழுகை, சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. சின்ன வயதிலிருந்து அண்ணன் அழுதால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்மா போன அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு, அவனுக்கு இருபது, அழாதேண்ணா, நான் பார்த்துக்கறேன் என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "நான் இங்கேருந்தே நினைவில்லத்துக்காரங்களுக்கு நேரா அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சப் படிகளை ஒவ்வொன்றாக இறங்கி வெயிலுக்கு வந்தேன்.